கண்ணுக்கு எழுதும் கணக்கு

எண்ணையும் எழுத்தையும் மக்களுக்கு இரு கண்களாக வைத்துப் போற்றுவது நம் முன்னோர் மரபு. இக்காலத்திலோ அவ்வெண்ணும் எழுத்தும் ஒன்றுகூடி, முகத்திலுள்ள கண்களுக்கே கணக்கெழுதப் புகுந்துள்ளன. கண்ணைச் சோதித்தபின் வைத்தியசாலையார் தரும் பற்றுச்சீட்டு, அப்பற்றுச்சீட்டைப் பார்த்துப் பணங்கொடுக்கும் காப்புறுதி, அவ்விரண்டையும் இணைக்கும் குறியீட்டெண் ஆகியவற்றைப் பற்றிச் சில கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியராகிய நாம் வைத்தியக் கணக்கைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இது மருந்தைப் பற்றிய பொருளன்று. பெயரிடுதலைப் பற்றிய பொருள். செய்த செயலுக்குச் சரியான பெயர் எழுதப்படாவிடின், அச்செயல் நிகழவேயில்லை என்று கொள்ளும் காரியாலயங்கள் பல உள. நம் கல்லூரியின் பழைய வகுப்புக்களிற் பயின்றோர் பலர் இன்று இளைப்பாறி, வெள்ளவத்தையிலும், களனி கங்கை கடலொடு கலக்குமிடத்துக்கு அணித்தாகிய கொட்டாஞ்சேனையிலும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். அவர்களுட் பலர் வீட்டில் வைத்தியப் பற்றுச்சீட்டுக்கள் நிறைந்த கோவை ஒன்று உண்டு. அக்கோவையைப் படிக்கத் தெரிந்துகொள்வது அவர்தம் பணத்தை மட்டுமன்றிப் பார்வையையுங் காக்கும்.

கண்ணைச் சோதிக்கும் வகை

'கண் பரிசோதனை' என ஒரு சொல்லாற் கூறுகிறோமாயினும், அஃது ஒரு செயலன்று. நான்கு வகையை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, எழுத்துப் பலகையைப் படிப்பித்தல். ஒல்லாந்து நாட்டுக் கண்வைத்தியர் ஸ்நெல்லன் என்பார் 1862இல் இப்பலகையை வகுத்தார். நலமுள்ள கண் 60 மீற்றர் தொலைவிற் படிக்கும் எழுத்தை ஒருவர் 6 மீற்றர் தொலைவில் நின்றே படிக்க முடியுமாயின் அவர் பார்வையை 6/60 என்று எழுதுவர். மூக்குக்கண்ணாடிக்கு அளவு பார்ப்பதும் இதனோடு ஒட்டியதே.

இரண்டாவது, கண்ணினுள் இருக்கும் அழுத்தத்தை அளத்தல். இது பெரும்பாலும் இரச அளவில் 10 முதல் 21 மில்லிமீற்றருக்குள் நிற்கும். மூன்றாவது, பார்வைப்புலத்தை அளத்தல். கிண்ணம் போன்ற பொறியின்முன் நோயாளரை இருத்தி, நடுப்புள்ளியையே நோக்கச் செய்து, பக்கங்களிற் சிற்றொளிகள் தோன்றுந்தோறும் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வர். எந்தத் திசையில் ஒளி தெரியவில்லை என்பது படமாக வரும்.

நான்காவது, கண்ணின் உட்புறத்தைப் பார்த்தலும் படமெடுத்தலும். ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1851இல் வெளியிட்ட சிறு கண்ணாடிக் கருவியே உயிருள்ளவர் கண்ணின் உட்சுவரை முதன்முதல் தெளிவாகக் காட்டியது. இன்று விழித்திரையைப் புகைப்படம் எடுக்கின்றனர். அதனினும் நுண்ணியதாய், ஒளியலைகளைக்கொண்டு விழித்திரையின் அடுக்குக்களை ஏடு ஏடாகப் பிரித்துக் காட்டும் 'ஓ.சீ.ரீ.' என்னும் முறை 1991இல் அமெரிக்க ஆராய்ச்சியாளரால் வெளிப்படுத்தப்பட்டது. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு கூறாகிய மைக்கிரோன் அளவில் இப்பொறி தடிப்பைச் சொல்லும்.

இந்நான்கும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறுவன என்பதை மனத்திற் பதித்தல் வேண்டும். எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் தவறின்றிப் படிக்கும் ஒருவருடைய பார்வைப்புலம் பக்கங்களிற் சுருங்கிக்கொண்டிருத்தல் கூடும். ஒன்றைச் செய்ததற்கு மற்றொன்றின் பெயரை எழுதினால் அது கணக்குப் பிழை மட்டுமன்று, பொருட்பிழையுமாம்.

நோய்க்கு ஓர் எண்

நோய்களை வகுத்து எண்ணுதல் நமக்குப் புதியதன்று. கண்ணோய்கள் தொண்ணூற்றாறு என்பது சித்த வைத்திய மரபு. எழுபத்தாறு என்பது வடமொழிச் சுசுருதர் கணக்கு. மேனாட்டில், பிரான்சு தேசத்துப் புள்ளிவிபர அறிஞர் பேர்ட்டிலோன் வகுத்த மரண காரணப் பட்டியலைச் சர்வதேசப் புள்ளிவிபரக் கழகம் 1893இல் ஏற்றது. 1948இல் அப்பட்டியலின் ஆறாந் திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்றது. அப்பொழுதே சாவுக்குரிய காரணங்களோடு, உயிரோடிருப்போரின் நோய்களும் அதிற் சேர்க்கப்பெற்றன. 'ஐ.சீ.டீ.' என அழைக்கப்படும் இப்பட்டியலின் பத்தாந் திருத்தம் 1990இல் அங்கீகரிக்கப்பட்டது. பதினோராவது 2022 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது.

பத்தாந் திருத்தத்தில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எழுத்தும் சில எண்களும் உண்டு. கண்ணுக்குரியவை 'எச்' என்னும் எழுத்தின்கீழ் 00 முதல் 59 வரை அமைந்துள்ளன. முதுமையில் வருங் கண்புரை எச் 25. கண்ணின் நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா எச் 40. நாற்பது வயதின்பின் நம்மை நாடிவரும் வெள்ளெழுத்து எச் 52.4. நீரிழிவினால் விழித்திரை கெடுமாயின் இரண்டெண்கள் இணைந்து வரும்: மூலநோயாகிய நீரிழிவுக்கு 'ஈ' வரிசையில் ஒன்று, கண்ணில் வெளிப்படுங் கேட்டுக்கு எச் 36.0. காரணத்தையும் காரியத்தையும் பிரித்தெழுதி, இரண்டையும் பிணைத்துக் காட்டும் அழகு அதில் உண்டு.

ஐக்கிய அமெரிக்கா இப்பட்டியலைத் தன் தேவைக்கு விரித்து, 2015 ஒக்டோபர் முதலாந் திகதி முதல் வழங்கிவருகிறது. அங்கே பல கண்ணோய்களுக்கு வலக்கண், இடக்கண், இருகண் என்னும் வேறுபாட்டை எண்ணே சொல்லும்; குளுக்கோமாவிற்கு அது தொடக்க நிலையோ, இடைநிலையோ, முற்றிய நிலையோ என்பதையும் இறுதி எண் சொல்லும்.

செயலுக்கு ஓர் எண்

நோயைச் சொல்லும் எண் 'ஏன்' என்னும் வினாவுக்கு விடை. 'என்ன செய்யப்பட்டது' என்பதற்கு வேறோர் எண் வேண்டும். அமெரிக்க வைத்தியச் சங்கத்தார் 1966இல் முதன்முதல் வெளியிட்ட 'சீ.பீ.ரீ.' என்னும் செய்கைப் பட்டியல் அதற்கென எழுந்தது. அதிற் பார்வைப்புலத்தை விரிவாக அளத்தல் 92083, ஓ.சீ.ரீ. முறையாற் பார்வை நரம்பைப் படமெடுத்தல் 92133; அம்முறையால் விழித்திரையைப் படமெடுத்தல் 92134; விழித்திரையைப் புகைப்படம் எடுத்தல் 92250; கண்ணாடிக்கு அளவு பார்த்தல் 92015.

இவ்வெண்களைச் சூழ்ந்த விதிகள், நம் இலக்கண நூல்களின் புறனடைகளைப் போல, கருத்துடன் கற்கத்தக்கவை. பொறி படமெடுத்துவிட்டால் மட்டும் பணம் வராது. வைத்தியர் அப்படத்தைப் பார்த்துத் தம் கருத்தை எழுதி வைத்திருத்தல் வேண்டும். எனவே கட்டணம் பொறிக்குரிய பங்கு, வாசிப்புக்குரிய பங்கு என இரண்டாகப் பிரிக்கப்படும். பார்வைப்புலத்துக்கும் ஓ.சீ.ரீ. படத்துக்கும் உரிய எண்கள், ஒரு கண்ணைச் சோதித்தாலும் இரு கண்ணைச் சோதித்தாலும் ஒருமுறையே எழுதப்படும். பார்வை நரம்பின் படத்தையும் விழித்திரையின் படத்தையும் ஒரே நாளில் எடுத்தாலும் இரண்டுக்கும் தனித்தனியே பணங் கேட்கலாகாது. சாதாரணமாகக் கண் அழுத்தம் அளப்பது முழுப் பரிசோதனையின் உட்கூறாகவே கொள்ளப்படும். அந்நாட்டு முதியோர்க்கென 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த 'மெடிக்கெயார்' காப்புறுதி, வழமையாகக் கண்ணாடிக்கு அளவு பார்ப்பதற்குப் பணங் கொடுப்பதில்லை.

இவையெல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்றுண்டு. செயலெண்ணும் நோயெண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துதல் வேண்டும். வெள்ளெழுத்துக்கு வந்தவருக்குப் பார்வை நரம்பைப் படமெடுத்ததாக எழுதினால், 'இந்நோய்க்கு இச்செயல் ஏன்?' என்று காப்புறுதியார் வினாவுவர். குளுக்கோமா ஐயம் என்று வைத்தியர் குறித்திருந்தால் வினாவுக்கு இடமில்லை. எழுவாயும் பயனிலையும் இயையாத வாக்கியத்தை ஆசிரியர் சிவப்பு மையாற் சுழிப்பதைப் போன்றதே இதுவும்.

சென்னையும் கொழும்பும்

கடல் கடந்த நாட்டின் கணக்கு முறை நமக்கெதற்கு என்பார்க்கு இரு விடை உள. அமெரிக்க வைத்தியசாலைகளின் குறிப்புக்களைப் படித்து எண்ணிடுந் தொழில் சென்னையிற் பெருகி, உயிரியலும் தாதியியலும் மருந்தாளர் கல்வியுங் கற்ற தமிழ்ப் பட்டதாரிகள் பலர்க்கு வாழ்வளித்து வருகிறது. 1988இல் அமெரிக்காவில் அமைந்த 'ஏ.ஏ.பீ.சீ.' என்னும் கழகம் நடத்தும் தேர்விற் சித்தியெய்தியோர்க்கு அத்துறையில் மதிப்பு மிகுதி. வைத்தியர் சுருக்கி எழுதிய குறிப்பைப் படித்து, அதில் உள்ளதை மட்டும் எடுத்து, இல்லாததைச் சேர்க்காது எண்ணாக்குவதே அவர் பணி. உரையாசிரியர்க்கு வேண்டிய நேர்மை அது.

இரண்டாவது விடை நம் நாட்டைப் பற்றியது. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்தை அடுத்துள்ள தேசிய கண் வைத்தியசாலையில் பார்வைப்புலம் அளந்தமைக்காக ஏழை ஒருவர் பற்றுச்சீட்டுப் பெறவேண்டியதில்லை. எனினும் எண் அங்கும் உண்டு. தங்கிச் சிகிச்சை பெற்றுச் செல்வோரின் நோய்களை அரசாங்க வைத்தியசாலைகள் ஐ.சீ.டீ. எண்ணாற் குறித்துச் சுகாதார அமைச்சின் புள்ளிவிபரப் பகுதிக்கு அனுப்புகின்றன. அங்கே எண் பணத்துக்கன்று; நாட்டின் நோய்க்கணக்கை அறிந்து திட்டமிடுதற்கு.

நெடு வரிசையில் நிற்க இயலாதோரும், விரைவில் விடை வேண்டுவோரும் தனியார் வைத்தியசாலைக்குச் செல்கின்றனர். 'சனலிங்' என நாம் வழங்கும் முறையில் வைத்தியர் கட்டணமும் வைத்தியசாலைக் கட்டணமும் தனித்தனியே வரும். பரிசோதனைக் கட்டணம் வேறாக வரும். அமெரிக்கச் செய்கையெண்களை இங்குள்ள பற்றுச்சீட்டுக்களிற் பொதுவாகக் காண்பதற்கில்லை. அவ்வவ் வைத்தியசாலை தன் விலைப்பட்டியலிற் கொண்ட பெயரையே அச்சிடும். அப்பற்றுச்சீட்டே தனியார் காப்புறுதி நிறுவனங்களுக்கும், அரச ஊழியர்க்கெனத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் 'அக்ரஹார' திட்டத்துக்கும் போகிறது. ஆகவே நம் நாட்டில், எண் செய்யவேண்டிய வேலையைச் சொல்லே செய்தல் வேண்டும். நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து இதுவே.

பற்றுச்சீட்டின் இலக்கணம்

நல்ல பற்றுச்சீட்டு எவ்வாறிருக்க வேண்டும் என்பதற்கு நம் இலக்கணமே வழிகாட்டும். தொழில் ஒன்று நிகழ்வதற்குரிய முதனிலைகளைத் தொல்காப்பியர் எட்டாக வகுத்தார். வினை, அதனைச் செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி என்னும் ஆறனோடு, இன்னதற்கு என்பதும் இது பயன் என்பதுஞ் சேர எட்டாகும். இவ்வெட்டையுங் கண் பரிசோதனைப் பற்றுச்சீட்டொன்றில் வைத்துப் பார்ப்போம்.

வெள்ளவத்தையில் வாழும் இளைப்பாறிய உத்தியோகத்தர் ஒருவரை எண்ணிக்கொள்க. அவர் தந்தையார் முதுமையிற் குளுக்கோமாவாற் பார்வை இழந்தவர். வைத்தியர் ஐயுற்று, பார்வைப்புலத்தையும் பார்வை நரம்பையும் சோதிக்கச் செய்கிறார். பற்றுச்சீட்டில் 'கண் பரிசோதனை' என ஒரு வரியும், அதன் எதிரே ஒரு தொகையும் உள. காப்புறுதிக் காரியாலயத்திலுள்ள எழுதுவினைஞர் நோயாளரைக் கண்டவரல்லர். அவர் காண்பது தாள் மட்டுமே. கண்ணாடிக்கு அளவு பார்த்த செலவு என்று கொண்டு, 'இது காப்புறுதிக்கு அப்பாற்பட்டது' என எழுதித் திருப்புகிறார். அவர் மீது முழுக்குற்றமுஞ் சுமத்துவதற்கில்லை. வாக்கியம் குறைவாக இருந்தமையின் பொருளுங் குறைவாயிற்று.

அதே பற்றுச்சீட்டு எட்டும் நிரம்பியதாயின் எவ்வாறிருக்கும்? வினை: பார்வைப்புலம் அளத்தலும், ஓ.சீ.ரீ. முறையாற் பார்வை நரம்பைப் படமெடுத்தலும், தனித்தனித் தொகையோடு. செய்பவர்: பரிசோதனையைப் பணித்து, முடிவை வாசித்த வைத்தியரின் பெயரும் பதிவெண்ணும். செயப்படுபொருள்: வலக்கண், இடக்கண். இடம்: வைத்தியசாலையின் பெயர். காலம்: பணமிறுத்த திகதியன்று, சோதித்த திகதி. கருவி: எப்பொறியாற் சோதிக்கப்பட்டது என்பது. இன்னதற்கு: குளுக்கோமா ஐயம், குடும்பத்தில் அந்நோய் உண்டு என்னும் வைத்தியர் குறிப்பு. பயன்: முடிவுரையும், அதனால் வைத்தியர் மேற்கொண்ட தீர்மானமும். இவற்றுட் சில பற்றுச்சீட்டிலும், சில வைத்தியர் கடிதத்திலும், சில முடிவுத்தாளிலும் இருக்கலாம். மூன்றும் ஒருங்கே சென்றால் எழுதுவினைஞர் வினாவுதற்கு ஒன்றுமிராது.

கண்ணில் நோயே இல்லாதபோதும் பரிசோதனை வேண்டப்படுவதுண்டு. மூட்டுவாதத்துக்கு 'ஹைட்ரொக்சி குளோரோகுயின்' என்னும் மாத்திரையை நெடுங்காலம் உண்போர்க்கு விழித்திரை கெடுதல் கூடும் என்பதால், தொடங்கிய ஓராண்டுக்குள் ஒருமுறையும், ஐந்தாண்டின்பின் ஆண்டுதோறும் சோதிக்குமாறு அமெரிக்கக் கண்வைத்தியக் கழகத்தார் 2016இல் அறிவுறுத்தினர். நீரிழிவுடையோரும் பார்வை குறையுமுன்னரே ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்டுதல் நன்று. இத்தகையோரின் தாளில் 'இன்னதற்கு' என்னும் இடம் வெறுமையாயிருந்தால், நலமுள்ள கண்ணுக்கு வீண்செலவு செய்ததாகவே தோன்றும். மருந்தின் பெயரை, அல்லது நீரிழிவை அவ்விடத்தில் எழுதுவித்தல் வேண்டும்.

பணத்தினும் பெரிய இழப்பு

பணம் திரும்பி வாராமை சிறு துன்பமெனலாம். அதனைத் தொடர்ந்து வருவதே பெருந்துன்பம். ஒருமுறை விண்ணப்பம் மறுக்கப்பட்ட முதியவர், 'எழுத்தெல்லாம் தெரிகிறதே, பிள்ளைகளுக்கு ஏன் வீண்செலவு?' என்று மறுவருடப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார். குளுக்கோமாவின் மிகப் பரவலான வகை நோவு தராது, கண் சிவக்காது, நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைத்துப் பக்கப் பார்வையை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு வரும். இழந்த பார்வையை மருந்தாலும் சத்திரசிகிச்சையாலும் மீட்க இயலாது. எஞ்சியதைக் காக்கவே இயலும். கண்புரையை நீக்கி வில்லை வைத்தாற் பார்வை திரும்பும். இதற்கோ அவ்வழி இல்லை. ஆகவே ஒரு பரிசோதனையை முந்தியதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்நோயில் வைத்தியருக்குக் கண். தள்ளிப்போட்ட ஆண்டின் படம் பின்னர் எவ்விலை கொடுத்தும் கிடையாது.

இதற்கு மறுதலையான குற்றமும் உண்டு. கண்ணாடி மாற்றச் சென்றவர், பணம் பெறும்பொருட்டுக் 'குளுக்கோமா ஐயம் என்று எழுதித் தாருங்கள்' என வேண்டுதலும், இரக்கத்தால் அதற்கு இணங்குவார் இருத்தலும் கூடும். அப்பொய்ப் பெயர் கோவையிலே தங்கிப் பின்வரும் வைத்தியரை மயக்கும். பின்னொருநாட் காப்புறுதி எடுக்கையில், முன்னமே நோயுடையவர் என்று தள்ளப்படுதற்கும் ஏதுவாகும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக் கண்வைத்தியர் ஒருவர், இல்லாத விழித்திரை நோயை எழுதியும், செயற்கைக் கண்ணுக்குக்கூடப் பரிசோதனைக் கணக்குக் காட்டியும் மெடிக்கெயாரிடம் பணம் பெற்றதாக வழக்குத் தொடரப்பட்டது. 2017இற் குற்றவாளியாகக் காணப்பட்ட அவருக்கு 2018இற் பதினேழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குறைத்தெழுதுதல் நோயாளர்க்குக் கேடு. மிகைத்தெழுதுதல் ஊருக்குக் கேடு. உள்ளவாறெழுதுதலே அறம்.

பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும்

பழைய மாணவராகிய பெரியோர்க்கு நாம் கூறுவன சில. பரிசோதனைக்கு முன்னரே காப்புறுதிப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். வைத்தியசாலையில் தங்குவோர் செலவை மட்டும் ஏற்பனவும், வெளிநோயாளர்க்குத் தனி வரம்பு வைப்பனவும் உள. வைத்தியர் எழுதித் தரும் பணிப்புத் துண்டைப் பிரதி எடுத்து வையுங்கள். ஒற்றை வரிப் பற்றுச்சீட்டுக் கிடைத்தால், ஒவ்வொரு பரிசோதனையையும் பிரித்தெழுதித் தருமாறு அங்கேயே பணிவுடன் கேளுங்கள். கேட்பதில் நாணம் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்தால் அதிற் கூறிய காரணம் யாதெனப் பார்த்து, குறைந்த தாளைச் சேர்த்து மீண்டும் அனுப்புங்கள். பற்றுச்சீட்டுப் போனாலும் பரிசோதனைப் படங்களை மட்டும் எந்நாளும் எறியாதீர்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டதென்று பரிசோதனையை நிறுத்தாதீர்கள். தனியார் கட்டணம் இயலாதாயின் அரசாங்க வைத்தியசாலையின் கதவு திறந்தே இருக்கின்றது.

இளைய மாணவர்க்கு ஒன்று. அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்குரிய நூல்களையும் சொற்களையும் தமிழில் ஆக்கினார். அப்பணி முற்றுப்பெறவில்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும் பற்றுச்சீட்டையும் முடிவுரையையும், கொட்டாஞ்சேனையில் வாழும் ஒரு பாட்டியாருக்கு அவர் மொழியில் விளக்க வல்லவர் இன்றும் வேண்டப்படுகின்றனர். உங்களுள் வைத்தியராவோர் சிலர். காப்புறுதிக் காரியாலயத்திலும் வைத்தியசாலைக் கருமபீடத்திலும் அமர்வோர் பலர். எவ்விடத்தில் அமர்ந்தாலும், நீங்கள் எழுதும் ஒரு வரிக்குப் பின்னால் ஒருவருடைய கண் இருக்கிறது என்பதை மறவாது, நிரம்ப எழுதுங்கள், உண்மையே எழுதுங்கள்.